மணவீட்டாருக்கு ஒரு வார்த்தை

வட்டுக்கோட்டையிலே கலியாணம். தூரதேசத்து உறவினர் பிள்ளைகுட்டிகளுடன் வந்திருக்கின்றனர். தாலிகட்டும் விருந்தும் முடிந்தபின் அவர்களைப் பந்தலின்கீழ் வாளா இருத்திவைத்தல் அழகாகுமா?

வெயில் தணிந்ததும் யாழ்ப்பாணக் கல்லூரி வளவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பாடசாலை நாளாயின் முன்னரே அனுமதி பெறுக. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் இவ்வூரிலே செமினரியைத் தொடங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அதிற் கற்றவர்களே. கலித்தொகையை 1887இல் அச்சேற்றித் தந்தவர் தாமோதரம்பிள்ளை. 1855இல் செமினரி மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பின்னர்ப் பொன்னாலைப் பாலம் கடந்து காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குச் செல்லலாம். ஆழங்குறைந்த கடல், பெரியோர் துணையுடன் சிறுவர் கால் நனைத்து மகிழ்வர்.

ஆயினும், கல்லூரியிற் பயின்ற முதியவர் ஒருவர் வீட்டில் இருப்பின் அவரையும் கூட அனுப்ப மறவாதீர்கள். “நான் இருந்து படித்த வகுப்பு இதுதான்” என்று பாட்டனார் காட்டும் இடம் பேரப்பிள்ளையின் நெஞ்சை விட்டு அகலாது. அடுத்த கலியாணத்துக்குப் பிள்ளைகள் வருவர். காட்டுவதற்கு அவர் இருப்பாரோ, யாரறிவார்?