கரணைப் பூவை வெட்ட வேண்டாம்



மழை விழுந்து மண் நனைந்ததும் திரியாய்ப் பக்கம் சில வளவுகளில் திடீரென்று பிண நாற்றம் அடிக்கும். எலி செத்ததா, பாம்பு செத்ததா என்று கிணற்றடி, கோழிக்கூடு எல்லாம் தேடுவார்கள். கடைசியில் வேலியோரம், இலையே இல்லாமல், நிலத்தோடு ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பூ நிற்கும். சட்டிக்கரணைப் பூ. உடனே மண்வெட்டி வரும். மண்ணெண்ணெய் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். இது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து.

நாற்றம் கடுமையாக இருப்பது ஒரு நாள்தான். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு தண்டைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள். அடியில் உள்ள பெண் பூக்கள் முதலில் தயாராகும். அந்த நேரத்தில்தான் தண்டு சூடேறி, அழுகிய இறைச்சியில் இருக்கும் அதே கந்தகச் சேர்வைகளை வெளிவிடுகிறது. செத்த பிராணி என்று நம்பி வண்டும் இலையானும் உள்ளே இறங்கும். அடுத்த நாள் மேலே உள்ள ஆண் பூக்கள் அவற்றின்மேல் மகரந்தத்தைக் கொட்டும். அதைச் சுமந்துகொண்டு அவை நாறுகிற அடுத்த பூவைத் தேடிப் போகும். தேனும் இல்லை, இறைச்சியும் இல்லை. சுத்த ஏமாற்று!

"கிழங்கை வெட்டி நட்டால் முளைக்கும்தானே சேர், பூ எதற்கு?" என்று கேட்பார்கள். தோட்டத்துக்கு அது சரி. காட்டோரக் கரணையை நட ஆளில்லை. கிழங்கு சில வருடம் பருத்த பிறகுதான் பூக்கும். காய் சிவந்து குருவி தின்றால்தான் விதை வேறிடம் போகும். அந்த ஒரு பூவைத்தான் நாம் மண்வெட்டியால் கொத்துகிறோம்.

2012 ஜூலையில் பேராதனைப் பூங்காவில் இதன் சொந்தக்காரனான சுமாத்திராப் பிணப்பூ மலர்ந்தபோது பத்திரிகைகள் எழுதின, சனம் தேடிப் போனது. எங்கள் வேலியில் பூத்தால் மட்டும் அசிங்கம்!

வகுப்பில் மகரந்தச் சேர்க்கை என்றால் சூரியகாந்தியும் தேனீயும்தான் கீறுகிறோம். இலையானும் அந்த வேலை செய்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பூவைக் கண்ணால் காட்டினால் நம்புவார்கள்.

இந்த மழைக்கு உங்கள் வளவில் பூத்தால் வெட்டுவதற்கு முன் கீழே எழுதுங்கள். அன்றைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மூக்குப் பொத்த லேஞ்சி நாங்களே கொண்டு வருவோம்.