விளக்கற்ற ஊர்கள்!

வருவாய்த்துறையின் பழைய ஏடுகளைப் புரட்டுவோர் கண்ணில் 'பேச்சிராக் கிராமம்' என்றொரு சொல் படும். பாரசீகத்திலிருந்து வந்து, நம் கணக்கர்களின் எழுதுகோலில் ஏறிக்கொண்ட சொல் அது. 'பே' என்றால் இல்லாத; 'சிராக்' என்றால் விளக்கு. விளக்கில்லாத ஊர்! பெயர் உண்டு, எல்லை உண்டு, எண் உண்டு. மாலையில் விளக்கேற்ற ஒரு வீடு மட்டும் இல்லை. ஏற்றியவர்கள் எங்கே சென்றனர்? ஏன் சென்றனர்? இதைக் கேட்க மறந்தோம் என்பதே நம் மீது நாமே சாட்டும் குற்றம்.

ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டால், நம் நாட்டில் விடை ஆயத்தமாக இருக்கிறது: சாபம்! புகாரைக் கடல் கொண்டது ஏன்? இந்திரவிழாவை மறந்தார்களாம்! உறையூர் மண்மூடியது ஏன்? முனிவரின் நந்தவனத்துப் பூவைப் பறித்து அரசனுக்கு அளித்தார்களாம், மண்மாரி பொழிந்ததாம்! சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை உறையூரில் அகழ்ந்தனர். மண்ணுக்குள் கிடைத்தது முனிவரின் கோபமா? இல்லை. குயவன் வனைந்த பானையின் ஓடு கிடைத்தது. கடல் கடந்த வாணிகத்தின் தடயம் கிடைத்தது. புராணம் மூடியதை மண்வெட்டி திறந்தது.

இங்கிலாந்திலும் இத்தகைய ஊர்கள் உண்டு. யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்று ஓர் ஊர். 1500ஆம் ஆண்டையொட்டி அது வெறிச்சோடியது. எஞ்சியவை ஓர் இடிந்த தேவாலயமும் புல் மூடிய மேடுபள்ளங்களும்தான். மாரிஸ் பெரஸ்போர்டு என்ற பொருளாதார வரலாற்றாசிரியரும் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளரும் அந்த ஊரை ஆராய்ந்தனர். 1950இல் தொடங்கிய அகழ்வு 1990 வரை நடந்தது. ஓர் உழவர் ஊருக்கு நாற்பது ஆண்டு உழைப்பு! 1348இல் வந்த கொள்ளைநோயே இத்தகைய ஊர்களை அழித்தது என்று பலர் நம்பியிருந்தனர். ஆனால் வாரம் பெர்சி நோய்க்குப் பின்னும் உயிரோடிருந்தது. கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியது, ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் நிலம் தேடிய நிலவுடைமை. தெய்வமன்று, ஆட்டு ரோமத்தின் விலை! அந்நாட்டில் இவ்வாறு வெறுமையான ஊர்கள் ஏறத்தாழ மூவாயிரம் கண்டறியப்பட்டுள்ளன.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று ஆலைகளின் பெயரால் அறியப்படுகின்றன. அந்த மண்ணுக்கு வேறொரு கணக்கும் உண்டு. செங்கற்பட்டுச் சீமையின் ஊர்களைத் தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை அளந்து பதிந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் அதில் அடங்கின. ஆறே ஆண்டுகளில், 1780இல், ஐதர் அலியின் படை வந்தது. காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படை வீழ்ந்தது. போருக்குப் பின்னே பஞ்சம் நடந்தது. குடிகள் சிதறினர், ஊர்கள் பாழாயின. பர்னார்டின் பட்டியலையும் பின்னாளைய பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தப் பெயர் மறைந்ததோ, அந்தப் பெயருக்குரிய மேட்டைத் தேடுங்கள்! இதுதான் ஆராய்ச்சி. இதற்கு மந்திரமும் வேண்டாம், மை போட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

தேடினால் கிடைக்குமா என்பார்க்கு, ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு விடை சொல்கிறது. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. பன்னீராயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்று மதிப்பிடப்பட்ட கற்கருவிகள் கிடைத்தன. ரோமானியச் சாடிகளின் ஓடுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், பொன்னணித் துண்டுகள் கிடைத்தன. காட்டுக் கல்லை உடைத்தவனும், கடல் கடந்த சாடியைத் திறந்தவனும், குழந்தைக்குப் பொம்மை செய்தவனும் ஒரே மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த மண்ணைத்தான் நாம் லாரிக் கணக்கில் விற்கிறோம்!

ஆம், குற்றவாளி இங்கேதான் நிற்கிறான். கோவிலுக்கு மதில் உண்டு, காவல் உண்டு. குடியிருந்தவன் மேட்டுக்கு என்ன உண்டு? 'அங்கே முனி உலவுகிறது' என்ற கதை ஒருநாள் வரை காத்தது. பொக்கலைன் வந்த அன்று முனியும் ஓடிவிட்டது, மேடும் ஓடிவிட்டது! பள்ளத்தை நிரப்ப மண் வேண்டுமாம். நிரப்பப்பட்டது பள்ளம், பள்ளமானது வரலாறு.

"பானை ஓடு சோறு போடுமா?" என்று கேட்பார் உண்டு. அன்று சோறு போட்டதே அந்தப் பானைதான்! ஆலைகளை நாம் வெறுக்கவில்லை. அவை நம் இளைஞனுக்கு வேலை தருகின்றன. மண்ணை அள்ளுமுன் ஒருமுறை அறிந்தவர் பார்க்கட்டும் என்கிறோம். அதனால் எந்த ஆலையும் நின்றுவிடாது. 1966ஆம் ஆண்டுத் தமிழகத் தொல்லியல் சட்டம், காக்கவேண்டியவை என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே காவலாகிறது. அறியப்படாத மேட்டை அறிவிப்பது எப்படி? ஆகவே, நிலம் கைமாறுமுன் தொல்லியல் ஆய்வு நடந்தாக வேண்டும் என்று சட்டம் செய்க!

கல்வெட்டு, கொடை தந்தவனைப் பாடும். கொடைக்குரிய நெல்லை விளைத்தவனை, சேரியில் ஒதுக்கப்பட்டவனை எந்தக் கல் பாடியது? அவன் எழுதிவைத்த ஒரே ஏடு, அவன் வீட்டுத் தரை. அந்த ஏட்டைக் கிழிக்க நாம் யார்?

இளந்தோழர்களே! உங்கள் ஊர் முதியோரிடம் கேளுங்கள்: 'பழைய ஊர்', 'பாழ்நத்தம்', 'நத்தமேடு' என்று எந்த நிலத்தை அழைக்கிறார்கள் என்று. ஓடும் செங்கல்லும் சிதறிக் கிடக்கிறதா, பாருங்கள். படம் எடுங்கள்; புல எண்ணைக் குறியுங்கள்; தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். தோண்டாதீர், எடுத்துப் பையில் போடாதீர். இடம்பெயர்ந்த ஓடு ஊமையாகிவிடும்.

அவர்கள் ஏற்றிய விளக்கு அணைந்துவிட்டது. அதை மீண்டும் ஏற்ற நம்மால் ஆகாது. யார் ஏற்றினர், ஏன் அணைந்தது என்று காட்டும் அறிவு விளக்கை ஏற்றலாம். அதையும் ஏற்றாமற் போனால், விளக்கற்றவை அந்த ஊர்கள் அல்ல, நாமே!