பெரட்டுக் களமும் கைப்பேசியும்

விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, தண்டல் பேர் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அவரவர் நிரைக்குப் போன காலத்தில், சங்கத்தின் செய்தி பரவுவதற்கு ஒரு பொழுது போதும். தலைவர் காலையில் இரண்டு வார்த்தை சொன்னால், அது பால் நிறுக்கும் இடத்திலும், ஆயாக்கொட்டகையிலும், மாலையில் கோயில் வாசலிலுமாகப் பேசப்பட்டு, இரவுக்குள் கடைசி லயத்தையும் எட்டிவிடும். இன்று அந்த லயங்களில் பல இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வேறு சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களை ஒருவரோடொருவர் சேர்த்து வைத்திருப்பது சட்டைப் பையிலுள்ள கைப்பேசிதான். ஆகவே தொழிற்சங்கமும், கூட்டுறவுக் கழகமும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், இளைஞர் மன்றமும் முகநூலையும் புலனத்தையும் கையில் எடுத்ததில் தவறில்லை. எடுத்துக்கொண்டு அதை நடத்துகிற விதத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு கிளையில் நடந்ததைச் சொல்லுகிறோம், பெயர் வேண்டாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்க வேண்டுமென்ற உத்தரவு 2025 பிப்ரவரி முதல் தேதியில் அமலுக்கு வந்தது. சம்பளச் சீட்டை எப்படிப் பார்ப்பது, குறைந்திருந்தால் யாரிடம் முறையிடுவது என்று விளக்கக் கிளைச் செயலாளர் ஒரு கூட்டம் கூட்டினார். புலனக் குழுவில் அறிவிப்பும் போட்டார். வந்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்களைக் கேட்டால், “எங்கண்ணே போட்டீங்க? நான் பார்க்கலையே” என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அறிவிப்புக்கு மேலே ரோஜாப் பூவோடு காலை வணக்கம், கீழே சாமி படம், அதற்குக் கீழே சர்க்கரை வியாதிக்கு வெண்டைக்காய் வைத்தியம், பிறகு இரண்டு பேருக்குள் அரசியல் சண்டை. கூலியைப் பற்றிய செய்தி இவற்றுக்கு நடுவில் எங்கோ கிடந்தது. அந்தக் கிளையில் சம்பளம் குறைந்தவர்கள் எத்தனை பேர் வாய் திறவாமல் இருந்தார்களோ, செயலாளருக்கே தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நம் நாட்டிலேயே பார்த்தோம். 2021 ஜூன் மாதம் ஊரடங்கு இறுகிப் பல வீடுகளில் அடுப்பு அணைந்திருந்த சமயம். வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்கள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், அதைக் காண்கிற அண்டை வீட்டார் அரிசி பருப்புக் கொண்டு போய்க் கொடுங்கள் என்ற சேதி அம்மாதக் கடைசியில் சமூக ஊடகங்களில் கிளம்பியது. வெள்ளைக்கொடி இயக்கம், மலாயில் ‘பெண்டேரா பூத்தே’, என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. சில நாட்களில் நாடு முழுதும் பரவியது. மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, தமிழர் வீடு என்று பாராமல் ஜனங்கள் பொருள் கொடுத்தார்கள். அந்தச் சேதியில் அலங்காரம் எதுவுமில்லை. இல்லாதவன் செய்ய வேண்டியது ஒன்று, இருப்பவன் செய்ய வேண்டியது ஒன்று. இரண்டும் அன்றைக்கே, நடந்து போகிற தூரத்திலேயே செய்யக்கூடியவை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரிந்தது.

நம் சங்கங்களின் அறிவிப்புகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “அங்கத்தினர்கள் அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு” என்று தொடங்கி, தலைவர்களின் படம் ஆறு, பட்டங்கள் ஏழு. எத்தனை மணிக்கு, எந்த மண்டபம், என்ன காகிதம் கொண்டுவர வேண்டும், சந்தேகமிருந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் இரவில், “என் சீட்டில் 1,700 இல்லையே, என்ன செய்வது?” என்று எழுதிக் கேட்கிறார். மூன்று நாளாகப் பதில் இல்லை. நான்காம் நாள் அதே குழுவில் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. கேட்டவர் மறுபடி கேட்பாரா? பதில் சொல்ல ஆளில்லாத குழுவைத் திறக்காமலிருப்பதே மேல். இந்த வேலைக்கு நம் கிராணிமார் முன்வர வேண்டும். சட்டமும் கணக்கும் தெரிந்தவர்கள் அவர்கள். முறை வைத்துக்கொண்டு தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

புலனத்தில் நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடியபடி ஒரு குழுவை அமைக்க வழியிருக்கிறது. அறிவிப்புக்கு அது, அரட்டைக்கு வேறொன்று. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாமாதலால் பெரிய கிளைக்கும் இடம் போதும். வெட்டுக்குப் போகிறவருக்குக் காலையில் செய்தி அனுப்பிப் பயனில்லை. குளித்துச் சாப்பிட்டு உட்காரும் மாலை நேரமே நல்லது. தினமும் அனுப்பவும் வேண்டாம். ஒய்வில்லாமல் வெட்டுகிற மரத்தில் பட்டை காய்ந்து பால் நின்று போவது நமக்குத் தெரியாததா? வயதானவர்களுக்காக, அவர்கள் அறிந்த ஒருவரின் குரலில் பேசிப் பதிந்து அனுப்புங்கள். இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காமலிருக்கலாம்: பக்கத்து நிரையில் வெட்டுகிறவர் இன்று இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கிறார். கூலி விஷயத்தைத் தமிழில் மட்டும் எழுதினால் அவரைத் தனியே விட்டுவிடுகிறோம். மலாயிலும் இரண்டு வரி சேர்த்துப் போடுவது நம் கடமை.

முகநூல் பக்கத்தில் எத்தனை பேர் ‘விருப்பம்’ தட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் போடுவதெல்லாம் அதைப் பின்தொடர்கிற எல்லோருக்கும் போய்ச் சேருவதில்லை. யாருக்கு எதைக் காட்டுவதென்று தீர்மானிப்பது அந்தக் கம்பெனி. நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முதலிடம் என்று 2018 ஜனவரியில் அது வெளிப்படையாகவே அறிவித்தது. ஆகவே அவசரச் செய்திக்கு அதை நம்ப வேண்டாம். விருப்பம் ஆயிரம் வந்து சந்தா பத்துகூட ஏறாவிட்டால், செயலாளர் ஒரு சனிக்கிழமை மாலை வீடு வீடாக ஏறி இறங்குவது உத்தமம். 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் போய்த்தான் ஆள் சேர்த்தார்.

பண விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். நன்கொடை கேட்கும் அறிவிப்பில் சங்கத்தின் பதிவு எண்ணும், சங்கத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். தனிநபர் கணக்கு எண்ணைக் கண்டால் ஒரு காசும் போடாதீர்கள். கேட்பவர் நம்மவராயிருந்தாலும் சரி. வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதை, கேட்ட அதே இடத்தில் எழுதிவிட வேண்டும். கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது ஏழைத் தொழிலாளியும் வெள்ளி கொடுத்தாரென்றால், பணம் போகிற இடத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

அரிசி மூட்டையைப் பாதி நீட்டி, வாங்குகிற தாயின் முகத்தைப் புகைப்படக் கருவிக்குத் திருப்பச் சொல்லும் வழக்கத்தை நாம் அருவருக்கிறோம். அவள் பிள்ளை நாளை பள்ளியில் அந்தப் படத்தைப் பார்க்க நேரும். மூட்டைகளைப் படமெடுங்கள், தூக்கி வந்த தொண்டர்களைப் படமெடுங்கள். வாங்கியவர் முகம் வேண்டாம்.

கடைசியாக, பக்கத்தின் கடவுச்சொல். பழைய செயலாளர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், பக்கம் அவர் பேரில் இருக்கிறது, திறக்க முடியவில்லை என்று எத்தனை கிளைகள் புதுப் பக்கம் தொடங்கியிருக்கின்றன! கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு பேரை நியமித்து, அவர்கள் பெயரைத் தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கடவுச்சொல்லை உறையிலிட்டுச் சங்கப் பெட்டியில் வையுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கும்போது அந்த உறையும் கை மாற வேண்டும்.