பற்றை மண்டிய வளவு யாருடைய பொறுப்பு?

மாரி மழை தொடங்கியதும் எமது கிராமங்களில் அதிகம் கேட்கும் முறைப்பாடு பக்கத்து வெறும் வளவைப் பற்றியதே. ஆளுயரப் பற்றை, அதற்குள் பாம்பு, நுளம்பு. பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விட அஞ்சும் தாய்மாரின் கோபம் நியாயமானது.

சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கின்றது. வீதியோரக் காணியில் பற்றை மண்டவிட்டு அயலவரின் சுகத்துக்குக் கேடு விளைவிப்பது, 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டப்படியே குற்றமாகும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், வளவைத் துப்புரவாக வைத்திருக்கும் கடமையை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் சுமத்துகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவைப் பார்வையிட்டு அறிவித்தல் கொடுக்கலாம். 2017 இல் நாட்டில் 1,86,000 இற்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதையும், அவ்வாண்டின் தொடக்கத்தில் எமது அயலூரான கிண்ணியா பட்ட பாட்டையும் மறக்க முடியாது.

ஆனால் மூதூர் கிழக்கில் வெறும் வளவு எல்லாம் சோம்பலின் அடையாளமல்ல. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், கட்டைபறிச்சான் முதலிய இடங்களில் முகாம் வாழ்க்கை வாழ்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளை மீளப் பெற்றனர். கிழக்கில் வளவு பெரும்பாலும் பெண்ணின் சீதனம். கணவரை இழந்து, வேறூரில் கூலி வேலை செய்யும் ஒருத்திக்குப் பற்றை வெட்டும் கூலியே பெருஞ்சுமை. அயலவரை வெட்டச் சொன்னால் காணி கைமாறிவிடுமோ என்ற பயம் வேறு.

அந்தப் பயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். தனியார் காணியில் ஆட்சியுரிமை கோருபவர், உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடங்கள் இடையறாது ஆண்டிருக்க வேண்டும். உரிமையாளரின் அனுமதியுடன் ஒரு நாள் பற்றை வெட்டுவதால் எவருக்கும் உரிமை வந்துவிடாது. எனினும் அனுமதியை எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்திருப்பது நல்லது.

எனவே சகோதரிகளே, முறைப்பாட்டுக்கு முன் உரிமையாளரை விசாரியுங்கள். கிராம உத்தியோகத்தர் மூலம் தொடர்புகொண்டு, மாதர் சங்கத்தினூடாகச் சிரமதானம் செய்யலாம். வெட்டினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவது புல்லில் அல்ல. பற்றைக்குள் மறைந்துகிடக்கும் சிரட்டை, ரயர், தகரப்பேணிகளில் தேங்கும் நீரில்தான். அவற்றைப் பொறுக்கி அகற்றுங்கள். அறியாத இரும்புப் பொருள் கண்டால் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

வசதியிருந்தும் கேளாதவர் மீது பிரதேச சபையிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் எழுத்தில் முறையிடுங்கள். இயலாதவளுக்கு முதலில் போகவேண்டியது அறிவித்தல் அல்ல, அயலாரின் கத்தியும் மண்வெட்டியுமே.