மார்கழிக் கடலும் ஆடிப் போரும்

இலக்கியம் படிக்கிறவர்களுக்குப் படையியல் வரலாற்றுக் கருத்தரங்கில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அழைப்பிதழில் 'கொளச்சல் போர், 1741' என்ற தலைப்பையும் 'கடற்கரைச் சாலை' என்ற முகவரியையும் சேர்த்துப் பார்த்தபோது எங்கள் நால்வருக்கும் ஒரே நினைவுதான் வந்தது. நெய்தல் திணைக்குப் புறமாகத் தொல்காப்பியர் வைத்தது தும்பையை அல்லவா? இரு வேந்தரும் நேர்நின்று பொரும் பெரும்போரைக் கடலோர நிலத்தோடு இணைத்தவர் அவர். பொருவதற்கு மலையும் காடும் கழனியும் மறைக்காத வெளி வேண்டும், அது நெய்தலின் மணற்பரப்பை ஒத்தது என்ற போக்கில் உரையாசிரியர் காரணம் கூறுவர். அந்த மணற்பரப்பில் உட்கார்ந்துகொண்டே ஒரு போரைப் பற்றிக் கேட்கும் வாய்ப்பு எத்தனை முறை கிட்டும்? மார்கழிக் குளிரில் நாகர்கோவிலிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துவிட்டோம்.

அரங்கு கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. ஆனால் திரையில் படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் கடற்பக்கத்துச் சன்னல்கள் அத்தனையையும் அடைத்துவிட்டார்கள். இரண்டு நாளும் அவை திறக்கப்படவே இல்லை. வரவேற்புரையும் பொன்னாடையும் முதல்நாள் காலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை, வாசகர்கள் அறிந்ததே. ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் சிலர், பேராசிரியர்கள் பலர், வருகைப் பதிவுக்காக அழைத்துவரப்பட்ட மாணவர்கள் இன்னும் பலர். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டுரைகளில் பாதிக்குமேல் உழைப்பு தெரிந்தது. டச்சுப் பீரங்கிகளின் அமைப்பைப் பற்றிப் பேசிய அதிகாரியின் உரையை இன்னொரு முறை கேட்கச் சொன்னாலும் கேட்போம்.

போரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வேணாடு என்ற சிறிய அரசைத் திருவிதாங்கூர் என்ற பேரரசாக விரித்துக்கொண்டிருந்தார் மார்த்தாண்ட வர்மர். மிளகு வணிகத்தில் தங்களுக்கிருந்த பிடி தளர்வதைக் கண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தடுக்க முனைந்தது. 1739-இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாப் மலபாருக்கு வந்து மன்னரை மிரட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1741 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து வந்த படை கொளச்சலில் இறங்கியது. கோட்டாறு வரையிலான கரைநாட்டைப் பிடித்துக்கொண்டு, அன்றைய தலைநகரான கல்குளத்தை, இன்றைய பத்மநாபபுரத்தை, நெருக்கியது. வடக்கே போர் முனையில் இருந்த மன்னர் விரைந்து திரும்பினார். டச்சுப் படை பின்வாங்கிக் கொளச்சலில் தான் எழுப்பியிருந்த அரணுக்குள் அடைபட்டது. ஆடியில் சரணடைந்தது. சிறைப்பட்டவர்களுள் ஒருவரான டிலனாய் பின்னாளில் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து 'வலிய கப்பித்தான்' ஆனார்.

இலக்கிய மாணவர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு திணைமயக்கம் தெரிந்தது. மண்ணாசையால் வஞ்சி சூடி வந்தவர்கள், கல்குளத்தின் முன் உழிஞை சூடினார்கள், ஐந்தாறு திங்களுக்குள் கொளச்சலில் நொச்சி சூடும்படி ஆயிற்று. முற்றுகையிட்டவன் முற்றுகையிடப்பட்டவனாக மாறிய கதை இது. அப்படியானால் கருத்தரங்கின் நடுக்கேள்வி ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். கடலையே தன் முற்றமாகக் கொண்டிருந்த ஒரு கம்பெனி, கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எப்படி முற்றுகையில் சிக்கியது? கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே! கப்பல் வந்து அரிசி இறக்கியிருக்கலாமே!

இந்தக் கேள்வி இரண்டு நாளில் ஒரே ஒரு முறைதான் எழுந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

மாறாக, திரும்பத் திரும்ப ஒலித்தது வேறொன்று: 'ஐரோப்பிய வல்லரசு ஒன்றை முதன்முதலில் தோற்கடித்த ஆசியப் படை.' முதல்நாள் மாலைக்குள் ஒன்பது முறை கேட்டோம், எண்ணியவர் எங்களுள் ஒருவர். இது உண்மையன்று. இதே டச்சுக் கம்பெனியைத் தைவானின் சீலாந்தியாக் கோட்டையில் முற்றுகையிட்டு, 1662-இல் சரணடையச் செய்து தீவைவிட்டே வெளியேற்றியவர் சீனத் தளபதி கோசிங்கா. கொளச்சலுக்கு எண்பது ஆண்டுகள் முந்திய செய்தி. அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம், 1630-இல் இலங்கையின் ரந்தெனிவெலவில் கண்டிப் படை போர்த்துக்கீசியப் படையை அழித்து அதன் தலைவரையும் கொன்றது. கொளச்சலின் வெற்றி பெரிது. 'முதல்' என்ற சொல் இல்லாவிட்டால் அது சிறிதாகிவிடுமா? மெய்யான வெற்றிக்குப் பொய்யான பட்டத்தைச் சூட்டினால், பட்டம் விழும்போது வெற்றியையும் சேர்த்து ஐயுறுவார்கள். பட்டத்துக்குத் தரும் அக்கறையில் கால்பங்கை நாளுக்குத் தந்திருக்கலாம். போர் முடிந்த நாளை ஜூலை 31 என்று சிலரும் ஆகஸ்டு 10 என்று சிலரும் மேடையிலேயே சொன்னார்கள். 'பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி' என்று ஒருவர் சமாதானம் சொன்னார். அந்நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடைவெளி பதினொரு நாள், இங்கே இருப்பது பத்து! யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த ஒரே ஒரு முறை எழுந்த கேள்விக்கு வருவோம். இரண்டாம் நாள் உணவுக்கு முந்திய அமர்வில், பதினைந்து நிமிடம் ஒதுக்கப்பட்டுப் பத்தில் மணியடிக்கப்பட்ட ஓர் ஆய்வு மாணவியின் கட்டுரை அது. அவர் மூன்று செய்திகளை அடுக்கினார். ஒன்று, ஜாவாவில் மூண்ட கலகம். 1740 அக்டோபரில் பத்தாவியாவில் சீனர்கள் கொன்று குவிக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போர் 1743 வரை நீடித்தது. தன் வீடே தீப்பற்றி எரிகையில் பத்தாவியா கொளச்சலுக்கு எங்கிருந்து படை அனுப்பும்? இரண்டாவது, அரிசி. திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று அரணுக்குள் இருந்த வெடிமருந்தின்மேல் விழ, மூண்ட தீயில் அரிசிக் கையிருப்பு எரிந்துபோனது. சரணடைவு அதன் பின்னர்தான். மூன்றாவது, பருவம். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கப்பல் கரையை நெருங்கி ஆளையும் உணவையும் இறக்குவது இக்கரையில் இயலாத காரியம்.

மூன்றாவதைச் சொல்லும்போது மணி அடித்துவிட்டது. எங்களைக் கேட்டால், இரண்டு நாளின் மையமே அந்த மூன்றாவதுதான். எரிந்த அரிசிக்கு மாற்று அரிசி ஏன் வரவில்லை என்பதற்கும் அதுவே விடை. ஆனால் அவையில் யார் முகத்திலும் வியப்பு இல்லை. ஏன் என்பது உணவு இடைவேளையில் வெளியே வந்து கடலைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

மார்கழிக் கடல் குளம்போல் கிடந்தது. அலை என்று சொல்வதற்குக்கூட மனம் வரவில்லை. இந்தக் கடலைப் பார்த்தவர் எவரும் 'கப்பல் வரமுடியாது' என்பதை நம்பமாட்டார். டச்சுக்காரர்கள் வந்திறங்கியதும் ஏறத்தாழ இப்படிப்பட்ட கடலில்தான், பிப்ரவரியில். அவர்கள் பார்த்த கடலை நாங்களும் பார்த்துக்கொண்டு, அவர்களை வீழ்த்திய கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியவை என்று அகப்பொருள் நூலார் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டனர். ஆறு பொழுதிலும் அது ஒரே கடல் அன்று என்பதைக் கரையில் வாழ்பவரிடம்தான் கேட்கவேண்டும். இன்னொன்று, இலக்கணப்படி ஆடி முதுவேனில், குமரியின் மேல்கரையிலோ அது மழையும் கச்சான் காற்றும் பேயாட்டம் ஆடும் மாதம். நூல்களை வைத்துக்கொண்டு இந்தக் கரையின் பொழுதைக் கணித்தால் டச்சுக்காரர்களின் கதிதான்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். எழுபதைக் கடந்தவர், கட்டுமரத்தில் தொடங்கி வள்ளம்வரை பார்த்தவர். உள்ளே என்ன நடக்கிறது என்று அவரே கேட்டார். சொன்னோம். சிரித்தார்.

"ஆடியில வந்து பாருங்க தம்பிமாரே. அப்பந்தான் தெரியும், இங்க கப்பலு நிக்குமா நிக்காதான்னு. இப்பம் சின்னப் பிள்ளையும் நீந்திப் போயிட்டு வரும்."

எந்தத் திசைக் காற்றுக்கு எந்தப் பாறைக்கு அப்பால் நங்கூரம் பிடிக்கும், எப்போது பிடிக்காது என்று மணலில் விரலால் வரைந்து காட்டினார். கால்மணி நேரம்தான். மேடையில் எந்த வரைபடத்திலும் அந்தப் பாறைகள் இல்லை. அவரை அழைத்துவந்து பேசவைத்திருக்கலாமே என்று ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் கேட்டோம். 'அவர்கள் தரப்பிலிருந்து கட்டுரை வரவில்லையே' என்றார்.

மீனவர்கள் கருத்தரங்கில் பேசப்படவே இல்லை என்று சொல்லமுடியாது. துடுப்புக் கதை இரண்டு முறை வந்தது. கரை நெடுக மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து நின்றார்களாம், கப்பலிலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் துப்பாக்கி ஏந்திய பெரும்படை என்று மருண்டார்களாம். ஒரு பேராசிரியர் இதைப் பெருமிதத்தோடு சொன்னார், இன்னொருவர் 'நாட்டார் கற்பனை' என்று ஒதுக்கினார். எங்களுக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கதை நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது எதைச் சொல்ல விரும்புகிறது என்று யாராவது கேட்டார்களா? போரில் தங்களுக்கு இடமிருந்தது என்று ஒரு சமூகம் காலந்தோறும் சொல்லிவருகிறது. அந்த இடம் துடுப்பேந்திய வேடிக்கையாக மட்டுமே எஞ்சிவிட்டது. எந்த நாளில் கப்பல் ஒதுங்கமுடியாது என்பதை மன்னர் படைக்குச் சொன்னவர் யார்? டச்சு அரணுக்குச் சிறுபடகில் உணவு போகாதபடி கரையைப் பார்த்துக்கொண்டவர் யார்? ஏடுகளில் தேடவேண்டிய கேள்விகள் இவை. தேடினால் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், ஆனால் தேடியதாக ஒரு கட்டுரைகூட இல்லை. வான் இம்ஹாப் மிரட்டியபோது, மீனவரையும் வள்ளங்களையும் கொண்டு ஐரோப்பாவின் மேலேயே படையெடுக்க எண்ணியிருப்பதாக மன்னர் ஏளனமாக விடை சொன்னார் என்றொரு செய்தி நூல்களில் உண்டு. அதைக் கேட்டு அவை சிரித்தது. நகைச்சுவையில்தான் மீனவர் வரவேண்டுமா என்ற எண்ணம் எங்களுக்கு.

கொளச்சலின் வெற்றித்தூணை இடைவேளையில் பார்த்தோம். அதன் அடியில் நின்று படமெடுத்துக்கொள்வதில் எவரும் குறைவைக்கவில்லை, நாங்கள் உட்பட.

மறுநாள் திரும்பும் வழியில் தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் இறங்கினோம். 1777-இல் மறைந்த டிலனாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது, இடிந்த தேவாலயத்துக்குள். கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்நியப் படையோடு வந்திறங்கிய ஒருவருக்கு, முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இந்த மண் தன் மொழியில் பெயர் எழுதிவைத்திருக்கிறது. தோற்றவனுக்குக் கல் உண்டு, வென்றவனுக்குத் தூண் உண்டு. நடுகல் மரபில் வந்த நாம், அந்த ஆடியில் கரையில் மாண்ட பெயரற்றவர்களுக்கு ஒன்றும் நடவில்லை. கல்லறையின் முன் நின்றபோது எங்களுள் ஒருவர் சொன்னது இது, மற்ற மூவருக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

கருத்தரங்கின் நிறைவு அமர்வில் பார்வையாளர் கருத்துக் கேட்டார்கள். நாங்கள் ஒன்றே ஒன்று சொன்னோம்: அடுத்த கருத்தரங்கை ஆடியில் வையுங்கள், ஜூலை 31 அன்று. மேல்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாளும் அதுவே, கடலோடிகள் பலர் கரையில் இருப்பார்கள், வந்து பேசுவார்கள். சன்னல்களையும் திறந்துவையுங்கள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல யோசனைதான். ஆனால் ஆடியில் இங்கே மழையும் காற்றுமாக இருக்கும். வெளியூரிலிருந்து யாரும் வந்து சேரமாட்டார்கள்."

அவை கைதட்டியது. தாம் சொன்னது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, கைதட்டியவர்களுக்கும் தெரியவில்லை.

நாங்கள் நால்வரும் வரும் ஆடியில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். உடன்வர விரும்பும் அன்பர்களை வரவேற்கிறோம். குடை எடுத்துவர வேண்டாம், கச்சான் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று பெரியவர் சொல்லியனுப்பியிருக்கிறார்.