செவ்வாயில் ஒரு சிறுத்தைப் பாறை!

2024, ஜூலை மாதம். செவ்வாய் கிரகத்தில் என்றோ ஆறு ஓடி வற்றிப்போன நெரட்வா பள்ளத்தாக்கு. நாசாவின் 'பெர்சிவரன்ஸ்' ஊர்தி அங்கே ஒரு பாறையின் முன் நின்றது. பாறை ஒன்றும் பிரமாண்டமில்லை. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், அவ்வளவுதான். ஆனால், செம்மண் நிறத்தில் இருந்த அதன் உடம்பில் பொடிப்பொடியாக வெளிர் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு வளையம். சிறுத்தைத் தோலேதான்! விஞ்ஞானிகளும் 'சிறுத்தைப் புள்ளிகள்' என்றே அழைத்தார்கள். பாறைக்கு 'செயாவா ஃபால்ஸ்' என்று பெயர். அமெரிக்காவில் உள்ள ஓர் அருவியின் பெயர் அது.

பூமியில் இப்படிப் புள்ளி விழுந்த பாறைகளில், முன்பு நுண்ணுயிரிகள் வாழ்ந்த தடம் இருப்பதுண்டு. இங்கே என்றால் சுத்தியலால் ஒரு துண்டு உடைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போகலாம். செவ்வாயில் அது நடக்குமா?

அதனால்தான் ஆய்வகமே பாறையிடம் போயிருக்கிறது. ஊர்தியின் இயந்திரக் கை நுனியில் இருக்கும் கருவியின் பெயர் 'ஷெர்லாக்'. கூடவே இருக்கும் கேமராவுக்கு 'வாட்சன்' என்று பெயர் வைத்தார்கள், குறும்புக்காரர்கள்! ஷெர்லாக், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசரைப் பாறை மேல் பாய்ச்சும். சிதறி வரும் ஒளி பெரும்பாலும் போன மாதிரியே திரும்பும். ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்று அளந்தால், எந்த மூலக்கூறில் பட்டு வந்தது என்று சொல்லிவிடலாம். மனிதர்களுக்குக் கைரேகை போல, மூலக்கூறுகளுக்கு இது.

ஆமாம், ராமன் விளைவேதான். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டுபிடித்தது. முதலில் வெறும் சூரிய வெளிச்சத்தை வைத்துக்கொண்டே அதைத் தேடினார் அவர்.

இந்த ஷெர்லாக் அந்தப் பாறையைப் பார்க்காமலே போயிருக்கும் என்பதுதான் விஷயம். 2024 ஜனவரியில் அதன் தூசி மூடி பாதியில் சிக்கிக்கொண்டது. லேசரைச் சுட முடியவில்லை. மெக்கானிக்கை அனுப்பவா முடியும்? மோட்டாரைச் சூடேற்றிப் பார்த்தார்கள், கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு வழியாக மூடி முழுக்கத் திறந்தது. ஆனால், ஃபோகஸ் செய்யும் வசதி போய்விட்டது. கையையே இம்மி இம்மியாக நகர்த்தி, பாறையிலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்தில் படம் தெளிவாக விழுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஜூனில் கருவி மறுபடி வேலைக்குத் திரும்பியது. அடுத்த மாதமே சிறுத்தைப் பாறை!

ஷெர்லாக் அதில் கரிமப் பொருளைக் கண்டது. 'பிக்ஸல்' என்ற எக்ஸ்ரே கருவி, கறுப்பு வளையங்களில் இரும்பும் பாஸ்பேட்டும் இருப்பதைக் காட்டியது. புள்ளிகளில் இருப்பவை விவியனைட், கிரீகைட் என்ற தாதுக்களாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் ஆய்வுக்கட்டுரை வந்தது. விவியனைட் பூமியில் சதுப்பு நிலச் சேற்றிலும், புதைந்த பழைய எலும்புகள் மேல் நீலப் பூச்சாகவும் காணப்படுவது. கிரீகைட்டைச் சில நுண்ணுயிரிகளே உண்டாக்கும்.

அப்படியானால் செவ்வாயில் உயிர் இருந்ததா? அங்கேதான் சிக்கல். இங்கே இருப்பது என்ன என்று ராமன் ஒளி சொல்லும். செய்தது யார் என்று சொல்லாது. உயிரே இல்லாமல் வெறும் வேதிவினையாலும் இந்தத் தாதுக்கள் உருவாகலாம். 1996-ல் ஒரு செவ்வாய் விண்கல்லில் உயிரின் தடயம் கிடைத்ததாக எழுந்த பரபரப்பு, பிறகு பெரும் சர்ச்சையாகிப் பிசுபிசுத்தது. அதனால், 'உயிரின் அடையாளமாக இருக்கலாம்' என்பதைத் தாண்டி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல விஞ்ஞானிகள் தயாராக இல்லை.

உறுதி செய்ய, பாறைத் துண்டு பூமிக்கு வர வேண்டும். துளையிட்டு எடுத்தாகிவிட்டது, 'சஃபயர் கேன்யன்' என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. கொண்டுவரத்தான் செலவு இடிக்கிறது. 1,100 கோடி டாலர் வரை ஆகும் என்று கணக்கு வந்ததும், 2024-ல் நாசாவே இது கட்டுப்படியாகாது என்று மலிவான வழி தேடக் கிளம்பியது. பாறைத் துண்டோ சீல் வைத்த உலோகக் குழாய்க்குள், செவ்வாயிலேயே காத்துக்கிடக்கிறது.