மாற்றித்தான் ஆக வேண்டுமா?

"இதைச் சரி செய்ய முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்." இந்த வாக்கியத்தை இன்று நாம் கேளாத கடையில்லை. கைப்பேசிக் கடையிலும் மிக்சி பழுது பார்க்கும் இடத்திலும் மோட்டார் பணிமனையிலும் இதே தீர்ப்புத்தான். தீர்ப்புக் கூறுபவர் பொருளைத் திறந்து பார்ப்பதுகூட இல்லை. நாமும் "படித்தவர் சொல்கிறார்" என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்தத் தீர்ப்பில் பாதிக்கு மேல் சோம்பலும் வணிகமும் கலந்தவை என்பது என் துணிபு. ஒரு விசிறிக் கிளட்சைச் சான்றாக வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன். இலக்கியம் பயிலும் நண்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சமன்பாடு எதுவும் வராது.

என் சித்தப்பா ஓமன் நாட்டில் மோட்டார் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது பேரீச்சம்பழத்தோடும் தைலத்தோடும், சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறிய அலுமினியப் பொருள் ஒன்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அவரும் அறை நண்பர்களும் கூட்டாக வாங்கிய பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் வண்டியின் விசிறிக் கிளட்ச் அது. அங்குள்ள பெரிய பணிமனை ஒன்று வழக்கமான தீர்ப்பை வழங்கிவிட்டது. புதியதன் விலையோ சித்தப்பாவின் ஒரு மாத அறை வாடகையை விஞ்சியது.

அந்த வண்டி சமதரையில் நன்றாகவே ஓடுமாம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஜெபல் அக்தர் மலைக்கு ஏறினால்தான் வம்பு. பிர்கத் அல் மூஸ் என்னும் ஊரில் காவலர் சோதனைச் சாவடி இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை அதற்கு மேல் விடமாட்டார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலுள்ள சைக் பீடபூமி வரை செங்குத்தான ஏற்றம். வண்டி மெல்ல ஊரும், என்ஜின் முழு மூச்சாக உழைக்கும், எதிர்க்காற்று இராது. அப்போது விசிறி ஒன்றுதான் துணை. அதுவும் சோம்பினால் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும்.

பழைய வில்லிஸ் ஜீப்பில் விசிறி தண்ணீர்ப் பம்பின் கப்பியோடு நேராக முடுக்கப்பட்டிருக்கும். என்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். தேவையில்லாத போதும் சுற்றி எரிபொருளைத் தின்னும். பின்வந்த பொறியாளர்கள் இடையில் ஒரு கிளட்சை வைத்தார்கள். அதன் அழகு என்னவென்றால், என்ஜினோடு சுற்றும் உள் தட்டுக்கும் விசிறியைத் தாங்கும் வெளிக்கூட்டுக்கும் திருப்புவிசையைக் கடத்தும் இரும்புத் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டிலும் வட்ட வட்டமாக வரப்புகள். ஒன்றின் வரப்பு மற்றதன் பள்ளத்தில் தொடாமல் நிற்கும். நடுவே சிலிக்கோன் எண்ணெய். அதன் பாகுநிலைதான் இழுத்துக்கொண்டு போகிறது! முகப்பில் ஈருலோகச் சுருள் ஒன்று ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்றை உணர்ந்து முறுக்கேறி, உள்ளே ஒரு சிறு துளையைத் திறக்கும். சேமிப்பு அறையிலிருந்து எண்ணெய் வரப்புகளுக்குள் பாயும். விசிறி வேகம் பிடிக்கும். குளிர்ந்தால் துளை மூடும், எண்ணெய் திரும்பிவிடும். மின்சாரமும் இல்லை, கணிப்பொறியும் இல்லை. இஸ்திரிப் பெட்டியின் ஈருலோகத் தகடும் ஆய்வகத்து ஆமணக்கெண்ணெயும் கைகோத்து நடத்தும் நாடகம் இது.

ஆண்டுகள் போகப் போக எண்ணெய் சிறிது சிறிதாகக் கசியும், மிஞ்சியதும் வலுவிழக்கும். பழுது அவ்வளவுதான். டொயோட்டா நிறுவனமே இந்த எண்ணெயை 18 மில்லி குழாய்களில் விற்கிறது. 3,000 சென்டிஸ்டோக் உண்டு, 10,000 உம் உண்டு. தண்ணீருக்கு இது ஏறத்தாழ 1 என்றால் கெட்டித்தன்மையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வீட்டுப் பின்திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்துச் சித்தப்பா வேலையைத் தொடங்கினார். இரு பாதிகளின் விளிம்பிலும் முதலில் ஒரு கோடு கீறிக்கொண்டார். பூட்டும்போது அதே நிலையில் பொருந்த வேண்டும். சுற்றியிருந்த போல்ட்டுகளைக் கழற்றிப் பிரித்ததும், கறுத்துப்போன எண்ணெய் கொஞ்சமே இருந்தது. பெட்ரோலால் கழுவித் துடைத்தார். பிறகு, "அண்ணி, ஒரு பழைய பாத்திரம் இருந்தா குடுங்க" என்றார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, முன்மூடியை அதில் அமிழ்த்தி அடுப்பில் ஏற்றினோம். வெப்பமானியைப் பார்ப்பது என் பொறுப்பு. 60 பாகையை நெருங்கிய பின்னரே துளை திறக்கத் தொடங்கியது. ஓமன் வெயிலுக்கு அது தாமதம் என்று சொல்லி, தகட்டின் திருகுகளைத் தளர்த்திச் சற்றே நகர்த்தினார். மறுபடி சூடேற்றிப் பார்த்தோம். மூன்றாம் முறை 50க்கு அருகில் வந்தது. இரண்டு குழாய் எண்ணெய் ஊற்றினார். "இன்னும் ஊத்தக் கூடாதா சித்தப்பா?" என்றதற்கு, "ஊத்தினா எப்பவும் பிடிச்சுக்கிட்டே சுத்தும் தம்பி. சத்தம் போடும், டீசல் குடிக்கும், பம்பு பேரிங்கும் போயிடும்" என்றார். எண்ணெய் அவ்வளவு மெல்ல இறங்குவதால் மூடிப் பூட்டுவதற்குள் மாலையாகிவிட்டது.

இடையில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "என்ஜின் ஆயில் சூடானா தண்ணியா ஓடுது. இது ஏன் அப்படி ஆகல?" சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது, ஒரு சங்கிலிக்கும் இன்னொன்றுக்கும் கவர்ச்சி குறைவு, ஆகவே வெப்பம் ஏறினாலும் பாகுநிலை மற்ற எண்ணெய்களைப் போல் வேகமாகச் சரிவதில்லை என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இருபது வருஷமா வேற எண்ணெய் ஊத்தாதேன்னு பையன்களுக்குச் சொல்லிட்டு இருக்கேன். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். விரலிடுக்கில் தேய்த்தே எண்ணெயின் கெட்டியை மதிப்பிடத் தெரிந்த மனிதர் அவர். அந்தக் 'ஏன்' மட்டும் அவருக்குக் கிடைக்காமல் போனது. நமக்கோ 'ஏன்' மட்டும் கிடைத்திருக்கிறது, விரல் இல்லை. "கையில் எண்ணெய் படவா கல்லூரிக்கு அனுப்பினோம்?" என்று கேட்கும் பெரியவர்களோடு நான் மாறுபடுவது இந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும் வீட்டில் பிரித்துவிடலாம் என்று நான் கூறவில்லை. விளிம்பை அழுத்தி மடித்து மூடிய கிளட்சுகளும் உண்டு. திருகு இல்லாததால் அவற்றைத் திறப்பது கடினம். பேரிங் ஆடினால் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. விசிறி இறக்கையில் கீறல் இருந்தால் புதிது வாங்குவதே அறிவு. சுழலும்போது பிய்ந்து வந்தால் உயிர்ச்சேதம். இவற்றைப் பார்த்துச் சொல்லும் "மாற்ற வேண்டும்" என்பதை நான் வணங்குகிறேன். திறந்தே பாராமல் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். நம் மத்திய அரசும் 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. சட்டம் வரும்போது வரட்டும். திருகு வைத்த பொருளையே திறக்க நாம் தயங்கினால் அந்த உரிமையை யார் பயன்படுத்துவது?

எங்கள் துறைப் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். ஸ்டோக்ஸ் முறைச் சோதனை இருக்கட்டும். அதே மேசையில், திறந்து மூடக்கூடிய பழைய விசிறிக் கிளட்ச் ஒன்றும் இருக்கட்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கிவர நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம். பேருந்துக் கட்டணம் எங்களுடையது. கிளட்சின் விலையை மட்டும் துறை ஏற்றுக்கொண்டால் போதும்.